ஜிகர்தண்டாவுக்கு வெயில் வேண்டும்

மதுரையில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். வந்தால் மீனாட்சியைப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கேட்பது, "ஜிகர்தண்டா எங்க நல்லா இருக்கும்?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பதில் தட்டி அலுத்துவிட்டது. இனிமேல் இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பதில்: விளக்குத்தூண் பக்கம், கீழ மாரட் வீதியில் இருக்கும் பேமஸ் ஜிகர்தண்டா. 1977-லிருந்து இருக்கிற கடை. போக வேண்டிய நேரம் மத்தியானம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இல்லை. வாங்க வேண்டியது சாதா. இந்த மூன்றில் எதை மாற்றினாலும் அது உங்கள் பாடு.

மத்தியானம் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. "இந்த வெயில்ல எதுக்குங்க அண்ணி, ராத்திரி போலாம்ங்க" என்பாள் என் நாத்தனார். மதுரையில் பிறந்து வளர்ந்தவள்தான், கோயம்புத்தூருக்கு வாக்கப்பட்டதிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' ஒட்டிக்கொண்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கோயில் நடை பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் கிழக்குக் கோபுரத்திலிருந்து கீழ மாசி வீதியைப் பிடித்து, நிழல் கிடைத்த பக்கமாக நடந்து போகவேண்டும். நாக்கு வறண்டு, சட்டை முதுகில் ஒட்டிய நிலையில் போய் நின்றால்தான் அந்த முதல் வாய்க்கு அர்த்தம். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் ஏற்றிய வயிற்றில் அதே டம்ளரை ஊற்றினால் திகட்டத்தான் செய்யும். அப்புறம் "ஒரே இனிப்பு, அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்று ஊருக்குப் போய்ச் சொல்வீர்கள்.

உட்கார்ந்து குடிக்கும் இடமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். வாங்கி, தெருவிலேயே ஓரமாக நின்று குடிக்கவேண்டியதுதான். பக்கத்தில் ஜவுளிப் பையோடு ஒரு குடும்பம், லோடு இறக்கிவிட்டு வந்த அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். தீபாவளி நேரத்தில் மட்டும் அந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம். மதுரை மொத்தமும் விளக்குத்தூணில் துணி எடுக்க வந்து நிற்கும்.

கை வேகத்தைக் கவனியுங்கள். அடியில் பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், அப்புறம் குளிர்ந்த பால், அதற்கு மேல் ஐஸ்கிரீம். கண் இமைப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும். ஆனால் உண்மையான வேலை அங்கே நடப்பதில்லை, அடுப்பில் முன்னாடியே முடிந்துவிடுகிறது. பாலைச் சின்னத் தீயில் மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சினால்தான் அந்த இளம்பழுப்பு நிறமும், கருகுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் வாசனையும் வரும். பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து செய்கிற வேலை அது. அவசரப்படுத்த முடியாது. அவசரப்படுகிறவர்கள் சர்க்கரையைக் கருக்கிய பாகை விட்டு நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். நிறம் வந்துவிடும், பால் மட்டும் தண்ணீராகவே இருக்கும். குடித்து முடித்ததும் உதட்டில் லேசாகப் பிசுபிசுப்பும் ஆடையும் ஒட்டவில்லை என்றால் பால் சுண்டவில்லை என்று அர்த்தம். ஜிகர்தண்டாவை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். மேலே என்ன போடுகிறார்கள் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

பாதாம் பிசினைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். உடம்புச் சூடு தணியும் என்று என் மாமியாரும் சொல்வார். எனக்குத் தெரிந்தவரை அதற்குத் தனி ருசி கிடையாது. கூழாங்கல் மாதிரி இருப்பது ராத்திரி ஊறவைத்தால் காலையில் பாத்திரம் நிறையக் கண்ணாடிக் கூழாக நிற்கும். அதன் வேலை வழுக்குவது. கெட்டிப் பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஜில்லென்று ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குவது ஒரு சுகம். சில கடைகளில் இதற்குப் பதிலாகக் கடற்பாசியைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அதைப் பல்லில் கடிக்க வேண்டியிருக்கும். பிசின் கடிபடாது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்பெஷல் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஊரில் எந்தக் கடையானாலும் ஸ்பெஷல் என்றால் ஐஸ்கிரீமோ பாஸந்தியோ கூடும். கூடினால் பாலும் நன்னாரியும் அமுங்கிவிடும். நன்னாரியின் அந்த வேர் வாசனை ரொம்ப மெல்லிசானது, சாதாவில்தான் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பிள்ளைகள் ஸ்பெஷல்தான் கேட்பார்கள், வாங்கிக் கொடுங்கள். நீங்கள் சாதா வாங்கிக்கொண்டு அதில் ஒரு வாய் பிடுங்கிக்கொள்ளலாம். சினிமா தியேட்டர் பாப்கார்ன் விலையோடு ஒப்பிட்டால் இரண்டையுமே வாங்கி ருசி பார்ப்பது ஒன்றும் பெரிய செலவில்லை.

இதற்கு நேர்மாறாக, போன சித்திரையில் ஏசி போட்ட ஒரு புது இனிப்புக் கடைக்கு என் பையன் கூட்டிப்போனான். பெயர் வேண்டாம். சுவரெல்லாம் செயற்கைப் புல், நியான் விளக்கில் ஆங்கில வாசகம். பட்டியலில் சாக்லேட் ஜிகர்தண்டா, மாம்பழ ஜிகர்தண்டா, பிஸ்கட் தூவிய ஜிகர்தண்டா. ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் வந்தது. பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே இருந்த ஐஸ்கிரீம் கடைசிவரை உருகாமல் அண்ணத்தில் மெழுகு மாதிரி படிந்தது. பில்லில் பார்த்தால், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டதற்கு 'பேக்கிங்' என்று தனியாக ஒரு தொகை. கேட்டதும் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதுதான் எரிச்சல்.

அந்த மெழுகு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாலின் கொழுப்பில் செய்தால்தான் அதை ஐஸ்கிரீம் என்று விற்கலாம். தாவர எண்ணெயில் செய்ததை 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று பெட்டியில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தப் பெட்டியோ கடைக்காரரோடு உள்ளேயே இருந்துவிடுகிறது, நம் கண்ணுக்கு வருவது குவளைதான். ஆகவே வாயை நம்புங்கள். பால் கொழுப்பு வாய்ச் சூட்டிலேயே கரைந்து போய்விடும்.

நடந்துபோகும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இந்தத் தெருவில் இருக்கிறது. மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து ஊரை விரிவாக்கினார். விளக்குத்தூண் அவர் நினைவாக நிறுத்தியது. இடித்த இடத்தில் வந்த வீதிகளில் மாரட் என்பதும் பெருமாள் மேஸ்திரி என்பதும் அந்த வேலையைச் செய்தவர்கள் பெயர். கலெக்டருக்கு ஒரு தூணும் மேஸ்திரிக்கு நீள நீளமான வீதிகளும் கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தி.

சரி, ராத்திரி என்ன செய்வது என்று கேட்டால், கறி சாப்பிடுகிறவர்கள் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸுக்குப் போய்க் கறிதோசை சாப்பிடுங்கள். கெட்டியாக ஊற்றிய தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி. ஒன்றை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு அப்புறம் அடுத்ததைச் சொல்வது நல்லது. சைவக்காரர்களுக்கு மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை இருக்கிறது. அங்கே வெள்ளையப்பமும் காரச் சட்னியும். ஆனால் அது சாயங்காலத் தீனி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று நம்பிப் போகாதீர்கள்.

சாப்பிட்டபின் இனிப்பு கேட்கும் நாக்குக்கு என் யோசனை அல்வா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமவிலாஸில் சூடாக இலையில் வைத்துத் தருவார்கள், நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்பலாம். மழை, பனிக் காலத்தில் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் பருத்திப்பால் தேடுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கு தட்டிப்போட்டுக் காய்ச்சுவது. சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும். டம்ளரில் மேலாகத் தேங்காய்த் துருவல் போட்டிருந்தால் நல்ல வண்டி. வெயிலுக்கு ஜிகர்தண்டா எப்படியோ, மழைக்கு இது. சொல்லப்போனால் எனக்கு இதுதான் ஒரு படி மேல், ஆனால் வாட்ஸ்அப்பில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

பார்சல் கேட்கிறவர்களுக்கு: ஜிகர்தண்டாவை ஊருக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். கோவை ரயில் திண்டுக்கல் தாண்டுவதற்குள் ஐஸ்கிரீம் உருகி, எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிடும். நாத்தனார் ஒரு தடவை ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள். அல்வா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். காரில் வருகிறவர்கள் காரை மாசி வீதிகளுக்குள் கொண்டுவர வேண்டாம், எங்காவது வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து வாருங்கள். விளக்குத்தூண் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரரே எதற்கு என்று புரிந்துகொள்வார்.