பழைய ரீப்ரீதரை ‘அப்கிரேட்’ செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? முதலில் செல்லின் தேதியைப் பாருங்கள்

ரீப்ரீதர் என்பது டைவர் விடும் மூச்சைச் சுத்தப்படுத்தி, ஆக்சிஜன் சேர்த்து, மீண்டும் சுவாசிக்கத் தரும் கருவி. அந்த யூனிட்டைத் திரும்ப வாங்கும்போது, பணம் கட்டுவதற்கு முன், மூடியைக் கழற்றி ஆக்சிஜன் செல்களில் (சுவாசிக்கும் வாயுவில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார்களில்) அச்சடித்திருக்கும் தயாரிப்பு மாதத்தைப் படியுங்கள். எனக்கு வந்த பில்லில் ‘புதிய செல் 3’ என்று இருந்தது. செல்லின் மேல் இருந்த தேதியோ ஏறக்குறைய இரண்டு வருடம் பழையது. மூன்றும் ஒரே பேட்ச், அதாவது ஒரே தொகுதியில் தயாரானவை.

1997இல் இன்ஸ்பிரேஷன் என்ற ரீப்ரீதர் விற்பனைக்கு வந்த பிறகுதான் இங்கே பிரிட்டனில் சாதாரண டைவர்கள் கையில் ரீப்ரீதர் பரவியது. அந்தத் தலைமுறை யூனிட்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. என்னுடையதும் பழசுதான், வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. கண்ணெதிரே எரியும் எச்சரிக்கை விளக்கு அதில் கிடையாது. வாயிலிருந்து எடுக்காமலே பெயில்-அவுட் (அவசரகால) சிலிண்டருக்கு மாறும் வால்வும் கிடையாது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் அங்கே இறங்க மனம் ஒப்பவில்லை. அதனால்தான் கடைக்குப் போனேன்.

வேலை முடிந்து வந்த யூனிட் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. புதிய ஸ்கிரீன், புதிய வால்வு, பச்சை விளக்கு. காலிபரேஷனும் (செல்லின் அளவீட்டைச் சரிசெய்வதும்) ஒரே முறையில் முடிந்தது. ஆனால் அந்த விளக்குக்கும் ஸ்கிரீனுக்கும் தானாக எதுவும் தெரியாது; செல் சொல்வதைத்தான் அவை காட்டும். செல்லை 12 மாதம் பயன்படுத்திய பிறகோ, தயாரித்து 18 மாதம் ஆன பிறகோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது தூக்கிப் போட வேண்டும் என்பது பரவலான நடைமுறை.

தேதி உறுத்தியதால் டைவ் கிளப்பில் இருந்த பிரஷர் சேம்பரில் செல்களைப் போட்டு, சுத்தமான ஆக்சிஜனில் அழுத்தத்தை ஏற்றினேன். ஒன்று 1.6 பார் (அழுத்த அலகு) வரை ஒழுங்காக ஏறியது. மற்ற இரண்டும் 1.2இல் நின்றுவிட்டன.

கடைக்காரரைக் கேட்டால், “காலிபரேட் ஆகிறதே, பிறகென்ன?” என்கிறார். தொழில் செய்கிறவர் வாயிலிருந்து இந்தப் பதில் வரலாமா? காலிபரேஷன் நடப்பது கடல்மட்டத்தில், 1 பார் ஆக்சிஜனில். ஆழத்தில் நாம் வைக்கும் செட்பாயின்ட், அதாவது ஆக்சிஜன் அழுத்தத்தின் இலக்கு, 1.3. அங்கே 1.2ஐத் தாண்டாத இரண்டு செல்லும் ஒரே பொய்யைச் சொல்லும். இரண்டு செல் ஒத்துப்போவதால், உண்மையைச் சொல்லும் மூன்றாவதைத்தான் பழுது என்று ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ஒதுக்கும். செட்பாயின்ட் இன்னும் வரவில்லை என்று நினைத்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். 1.6ஐத் தாண்டிப் போகப் போக, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயில் இருப்பது நழுவும். மூழ்கித்தான் சாக வேண்டும். இத்தனையும் நடக்கும்போது விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் கண்டேன். ஆக்சிஜன் பக்கத்து ரெகுலேட்டரில் சாதாரண சிலிகான் கிரீஸ். உயர் அழுத்த ஆக்சிஜன் படும் இடத்தில் அது தீப்பிடிக்கக்கூடியது. ஆக்சிஜனுக்கென்று தனி கிரீஸ் இருக்கிறது. இது தெரியாதவர் இந்த யூனிட்டைத் தொடவே கூடாது.

செல்லுக்கான பணம் மட்டும் திரும்பக் கிடைத்தது. கிரீஸ் விஷயத்தைக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. தயாரிப்பாளர் அங்கீகரித்த டெக்னீஷியன் ஒருவர் இப்போது முழுவதையும் பிரித்துச் சுத்தம் செய்கிறார்.

வேலைக்குக் கொடுக்கும்போதே செல்களின் தயாரிப்பு மாதத்தையும், 1.6 பாரில் அவை காட்டிய அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் யூனிட்டைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். முடிந்தால் மூன்று செல்லையும் வெவ்வேறு பேட்சில் வாங்குங்கள்; ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பு குறையும். அண்மையில் செல் மாற்றியவர்கள், சேம்பர் கிடைக்காவிட்டால், அடுத்த டைவில் 6 மீட்டரில் நின்று லூப்பை (சுவாச வாயு சுற்றும் பாதையை) ஆக்சிஜனால் ஃப்ளஷ் செய்து, அதாவது பழைய வாயுவை வெளியேற்றி நிரப்பி, பாருங்கள். மூன்றும் 1.6ஐ நெருங்க வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் அன்றைய டைவை அங்கேயே முடித்துக்கொண்டு மேலே வாருங்கள்.