பத்மநாபபுரம் அரண்மனைக்கு எந்த மின்வழிகாட்டி பொருந்தும்?

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் நிற்கிறது. அதைப் பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணைந்த பின்னும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. தமிழரும் மலையாளிகளும் ஒரே வாசலில் நுழையும் இவ்விடத்தில், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் படியேற இயலாதோருக்கும் பயன்படும் மின்வழிகாட்டி ஒன்றை அமைப்பதானால் மூன்று வழிகள் உள்ளன: நுழைவாயிலில் இரவலாகத் தரும் ஒலிக்கருவி, அவரவர் கைப்பேசியில் க்யூஆர் குறியீட்டால் திறக்கும் வலைப்பக்கம், நிற்கும் இடத்தைத் தானே கண்டறிந்து பேசும் செயலி.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறைதோறும் வைக்கப்படும் சிறு புளூடூத் கருவிகளின் அலையை மனித உடலே ஓரளவு உறிஞ்சிக்கொள்வதால், கூட்டம் சேர்ந்தால் கணிப்பு சில மீட்டர் பிசகும். அறைகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் இங்கே அது பக்கத்து அறையின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடும். ஒருமுறை வந்துபோகும் குடும்பம் அதற்காகச் செயலியைப் பதிவிறக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஒலிக்கருவி பழைய முறை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952-லேயே அதைத் தொடங்கிவிட்டது. எண் பொத்தான்களை விரலால் தடவி அறியலாம் என்பதால், தொடுதிரை பழகாத முதியவருக்கு அதுவே எளிது. ஆனால் காது கேளாதவருக்கு அதனால் பயனில்லை. மின்னேற்றவும், ஒவ்வொருவரும் திருப்பித் தந்தபின் துடைத்து வைக்கவும் ஆள் வேண்டும்.

வலைப்பக்கம் இக்குறைகளில் பலவற்றைத் தீர்க்கிறது. எழுத்து, ஒலி, இந்தியச் சைகை மொழிக் காணொளி ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கலாம். சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவருக்கு வெறும் எழுத்து போதாது என்பதால் காணொளியை அலங்காரமாக எண்ணக் கூடாது. வடிவமைப்பாளர் அடிக்கடி மறப்பது மொழிக் குறியை: பக்கத்தின் நிரலில் தமிழ் எது, மலையாளம் எது என்று குறிக்காவிட்டால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான் தவறான குரலில் உளறக்கூடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுதலின் அளவு. மங்கலான மர அறையில் நின்று படிப்பவருக்கு அதைவிடக் கூடுதலாக இருந்தாலும் நல்லது.

வலைப்பக்கத்தின் பெருங்குறை வேறு: பார்வையற்றவர் க்யூஆர் பலகையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே, முழுச் சுற்றையும் வரிசையாகக் கொண்ட ஒரே பக்கத்தைத் திறந்து தந்துவிட வேண்டும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், அதில் பேசப்படுவது என்ன என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. அரசரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையின் சன்னல்களில் உள்ள வண்ண மைக்கா வழியே வரும் ஒளியை மட்டும் வருணித்தால் கண் தெரியாதவர் வெளியே நிறுத்தப்படுகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் இடம் இது. கரியாக்கிய தேங்காய்ச் சிரட்டை, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரையை உள்ளங்காலே உணரும். அதைச் சொல்லும் ஒலியுரை, "இங்கே வாசல்நிலை தாழ்வு, தலையைக் குனியுங்கள்", "இனி செங்குத்தான மரப்படி, வலக்கையால் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பனவற்றையும் உரிய இடத்தில் சொல்ல வேண்டும். படியேற இயலாதவருக்கு, மேல்தளத்தின் காணொளியைப் படிக்கட்டின் அடியிலேயே காட்டலாம்.

என் தேர்வு வலைப்பக்கம். அதே ஒலியுரை பதிந்த சில ஒலிக்கருவிகளும் நுழைவாயிலில் இருக்கட்டும். பழைய மரத்தில் ஆணியடிக்காமல், க்யூஆர் பலகைகளைத் தனித் தாங்கிகளில், எல்லா அறைகளிலும் வாசலின் ஒரே பக்கத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும்.