‘உங்கள் பாதத்துக்கென்றே செய்தது’ என்று சொல்லி இன்சோல் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

ஓடுபவர்களுக்கென்றே ஷூ விற்கும் ஒரு கடையில், ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் இன்சோலுக்காக அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். குதிகால் வலியோடு ஓடிக்கொண்டிருக்கும் வேறு எவரும் இதே வலையில் விழக்கூடாது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் அடியில் குத்தும் வலி எனக்கு இருந்தது. அதைச் சொன்னதும், கண்ணாடித் தட்டு பதித்த ஒரு கருவியின் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள்; திரையில் என் பாதங்கள் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்ந்தன. வெள்ளைக் கோட்டு அணிந்த ஊழியர் தரையில் மண்டியிட்டு, என் காலைக் கையில் ஏந்தி, உள்ளங்கால் வளைவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “வளைவு இறங்கிவிட்டது, இப்படியே ஓடினால் முழங்காலும் போய்விடும்” என்றார். அவ்வளவு பொறுமையாக யாரும் என் பாதத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பொறுமையை நம்பித்தான், அச்செடுத்துச் செய்து தருவதாகச் சொன்ன இன்சோலுக்கு அரை மாதச் சம்பளத்தை முழுவதுமாக முன்பணமாகக் கட்டினேன்.

வந்த இன்சோல் பலகைபோல் கடினமாக இருந்தது. வளைவின் உட்புறத்தில் கொப்புளம் கிளம்பியது. பிறகு பாதத்தின் மேற்புறத்தில், ஒரே இடத்தில், விரல் வைத்தாலே உயிர் போகும் வலி. கடையில் கேட்டபோது, “பழகப் பழகச் சரியாகும்” என்றார்கள். மறுமுறை, நான் கயிற்றை இறுக்கிக் கட்டுவதுதான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு, அளவெடுத்தவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். கடைசியில், அளவுக்குச் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று கையை விரித்தார்கள். இதற்கிடையில், இரண்டாம் விரலுக்கு நேரே உள்ள பாத எலும்பில் மெல்லிய விரிசல் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, மருத்துவர் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்.

அதன் பிறகுதான், ஓரம் பிரிந்து நின்ற மேல்துணியை உரித்தேன். அடியில் இருந்த பிளாஸ்டிக்கில் தொழிற்சாலை வார்ப்பில் பதிந்த ஷூ அளவு எண் பளிச்சென்று தெரிந்தது. ஆயத்தமாகக் கிடைக்கும் இன்சோலின் மேல் துணி ஒட்டி, அரை மாதச் சம்பளத்துக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்! படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான குறி விழுந்தது, பதில் வரவில்லை.

எனக்கு இன்னும் எரிகிறது, ஏனென்றால் அவர்கள் வளைவைக் காட்டிப் பயமுறுத்தியதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்கப் படைகளின் அடிப்படைப் பயிற்சியில், உள்ளங்காலின் வடிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஷூவைப் பெற்றவர்களுக்கும், வடிவத்தைப் பாராமல் ஒரே வகை ஷூவைப் பெற்றவர்களுக்கும் காயங்களில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின.

விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பவரே நோயைக் கண்டறிந்தால் பணப்பையைத் திறக்காதீர்கள். முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டாதீர்கள். திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். ஷூவை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள், கடைக்கு அல்ல.