ஆஸ்திரேலியர்: அசட்டையா, கவலையா?

ஆஸ்திரேலியரிடம் நன்றி சொன்னாலும் ‘நோ வொரீஸ்’ (கவலை வேண்டாம்), மன்னிப்பு கேட்டாலும் ‘நோ வொரீஸ்’. அசட்டைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1991-க்கு அப்புறம் 2020 வரை அங்கே பொருளாதார மந்தமே வரவில்லை; ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்துவிட்டது.

சரி, கவலை? வீட்டுக்கடனைப் பாருங்கள். பெரும்பாலும் மாறும் வட்டிதான். 2022 ஏப்ரலில் 0.10 சதவீதமாக இருந்த ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் வட்டி, 2023 நவம்பரில் 4.35 ஆனது. அறிவிப்பு வருவது செவ்வாய்க்கிழமை மதியம் 2.30-க்கு, கடன் வாங்கியவர் கண் அப்போது போன் திரையில்தான். தவணை கூடினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இது மிகையான கவலை இல்லை.

என் கணிப்பில் அசட்டைதான் அதிகம், அதுவும் தன் வீட்டுக்கு வெளியே நடப்பதில். 2019-20 காட்டுத்தீயில் சிட்னியே புகையில் மூழ்கியது. ஆனாலும் புதர்க்காட்டு ஓரத்து வீட்டுக்கு இன்றும் ஆள் வரிசையில் நிற்கிறது.