இலவசமாகக் கேட்பதா, சந்தா கட்டிக் கேட்பதா?

ஓய்வு பெற்றபின் ஒலிநூல் பக்கம் வருகிறவர்கள் பலர் யூடியூப்பில்தான் தொடங்குகிறார்கள். அது நியாயமே. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் ‘பொன்னியின் செல்வன்’ பலர் குரலில் இலவசமாகக் கிடைக்கிறது. 5 பாகம், நிதானமாகக் கேட்டால் மாதக்கணக்கில் ஓடும். ஒரு குரல் பிடிக்கவில்லையா, அடுத்ததற்குத் தாவலாம். ஆனால் இடையிடையே விளம்பரம் வரும். காசு கட்டாவிட்டால் திரையை அணைத்ததும் குரலும் நிற்கும். காசிமேட்டுப் பக்கம் காலை நடைக்குப் போனால் சட்டைப்பையில் திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பேட்டரி என்னாவது?

சந்தா கட்டும் ஒலிநூல் செயலியில் இந்தத் தொல்லை இல்லை. வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால், விம்கோ நகரில் ஏறிய மெட்ரோ சுரங்கத்துக்குள் போனாலும் கதை அறாது. விட்ட இடத்தை அதுவே நினைவில் வைத்திருக்கும். படுக்கையில் கேட்பவர்களுக்கு, குறித்த நேரம் ஆனதும் குரலைத் தானே நிறுத்தும் டைமர் உண்டு; என்னைக் கேட்டால் இதற்கே காசு கொடுக்கலாம். (15 நிமிடம் வைத்துவிட்டு அதற்குள் குறட்டை விடுவது வேறு கதை.) குறை என்றால், தமிழ் நூல்கள் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு.

வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் மட்டும் இரண்டும் வேண்டாம், ஹாரன் காதில் விழ வேண்டும். மற்றபடி முதல் சில மாதம் இலவசமே போதும். பழக்கம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் சந்தா கட்டலாம்.