டீசல் காரில் பெட்ரோல் ஊற்றிவிட்டு ‘ஒன்றும் ஆகாது’ என்பார்கள், நம்பாதீர்கள்

டேங்க் மூடியில் டீசல் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது, வாய்விட்டும் சொன்னேன், அப்படியும் பங்க் ஊழியர் பெட்ரோல் நாசிலைச் செருகிப் பாதி டேங்க் ஊற்றிவிட்டார். பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர் மேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை, இரண்டு நாசிலும் பக்கத்துப் பக்கத்தில், பின்னால் ஹாரன் அடிக்கும் வரிசை, கை மாறிப்போகும். கோபமெல்லாம் உள்ளேயிருந்து வந்த மேனேஜர் மேல்தான்.

“பதறாதீங்க சார், மீதிக்கு டீசல் போட்டா கலந்துடும், ஒரு ரவுண்டு ஓட்டுங்க, சரியாயிடும்.” சொன்னதோடு நிற்காமல், டேங்க்கை டீசலால் நிரப்பச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, நன்றாக ரேஸ் கொடுத்தும் காட்டினார். லைனிலும் ஃபில்டரிலும் பழைய டீசல் மிச்சம் இருக்கும்வரை வண்டி சாதாரணமாகத்தான் ஓடும், அதைக் காட்டித்தான் நம்மை அனுப்பிவைக்கிறார்கள். அப்புறம், திருத்தித் தருகிறேன் என்று பெட்ரோல் பில்லை வாங்கிக்கொண்டு டீசல் என்று அடித்த புதுப் பில் ஒன்றைக் கையில் திணித்தார். நல்லவேளை, செலவுக் கணக்குக்காக முதல் பில்லைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். இல்லையென்றால் பெட்ரோல் ஊற்றினார்கள் என்பதற்கே சாட்சி இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்தது, இன்ஜினில் டக்டக்கென்று சத்தம், வெள்ளைப் புகை, நடுரோட்டில் நின்றுவிட்டது.

மெக்கானிக் ஃபில்டரை அறுத்துக் காட்டினார். மடிப்புக்கு மடிப்பு வெள்ளியாக மின்னும் பொடி, விரலில் தேய்த்தால் நறநறவென்றது. அத்தனையும் டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் ஹை பிரஷர் பம்ப்பிலிருந்து உராய்ந்து வந்த இரும்பு. பெரும்பாலான டீசல் கார்களில் அந்தப் பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு வழவழப்பு. பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில் அழுத்தம் 2,000 பார் அளவுக்குப் போகிறது (டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்), அந்த அழுத்தத்தில் இரும்போடு இரும்பு உரசினால் என்ன மிஞ்சும்? துகள் ரெயில் என்கிற பொதுக் குழாய்க்கும், அதிலிருந்து டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் போய், ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்ப டேங்க்குக்கே வந்துவிடுகிறது. அதனால் இந்த நிலைக்கு வந்த பிறகு டேங்க்கைக் காலிசெய்து ஃபில்டரை மட்டும் மாற்றித் தரும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள், கொஞ்ச நாளில் இன்ஜெக்டர் போய்த் திரும்ப வருவீர்கள்.

பழைய மெக்கானிக்குகள் சிலர் ‘அந்தக் காலத்தில் நாங்களே கலப்போம்’ என்பார்கள். உண்மைதான், குளிர்காலத்தில் டீசல் உறையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் சேர்க்கச் சில பழைய கார்களின் கையேட்டிலேயே அனுமதி இருந்தது. அது வேறு இன்ஜின்.

இப்படி நடந்தால் சாவியைத் தொடாதீர்கள், வேறு யாரையும் தொட விடாதீர்கள். பல கார்களில் ஸ்டார்ட் செய்யக்கூடத் தேவையில்லை, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினாலே டேங்க்கில் உள்ள பம்ப் ஓடி எரிபொருளை லைனுக்குத் தள்ளிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரம்கட்டி, அங்கேயே டேங்க்கைக் காலிசெய்ய ஆள் வரவழையுங்கள். இன்ஜின் ஓடாதவரை செலவு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். டியூபைப் போட்டு நீங்களே உறிஞ்சி எடுக்கும் வேலை வேண்டாம், பெட்ரோல் கலந்த டீசல் பெட்ரோல் போலவே சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல் காரில் டீசல் ஊற்றினால் பிளக் கரிபிடிக்கும், புகை தள்ளும், ஆனால் பொதுவாகச் சேதம் இந்த அளவுக்குப் போகாது.

டேங்க்கிலிருந்து வெளியே எடுத்த எரிபொருளில் ஒரு பாட்டிலை பங்க் ஆள் முன்னாலேயே மூடி சீல் வையுங்கள், டேங்க்கில் பெட்ரோல் இருந்தது என்று ஜாப் கார்டில் மெக்கானிக்கை எழுதச் சொல்லுங்கள். தவறான எரிபொருளால் வரும் சேதத்தைப் பல இன்சூரன்ஸ் பாலிசிகள் ஏற்பதில்லை, என்னுடையதும் அப்படித்தான், ஆகவே பங்க்கிடம்தான் வாங்கியாக வேண்டும். போட்டோவைக் காட்டியதும் மேனேஜர் இறங்கிவந்து, ஃபில்டர் மாற்றின காசைத் தருகிறேன் என்கிறார். பம்ப், இன்ஜெக்டர் பற்றிக் கேட்டால் வண்டி ஏற்கெனவே பழசாம். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாட்டிலும் என்னிடம்தான் இருக்கிறது.