தாத்தாவோட ரோசாப்பூ துரை கட்டிங்கை பைண்ட் பண்ணிக்கொடுத்த மதுரை கடை

கீழமாசி வீதியில இருந்து உள்ள போற ஒரு சந்துல இருக்கு இந்த பைண்டிங் கடை, போர்டு கூட கிடையாது, வாசல்ல அட்டை அடுக்கி வச்சிருப்பாங்க, உள்ள மைதா பசை வாசம் வரும், அதுதான் அடையாளம். கடைக்காரர் தன் பேரு எங்கயும் வர வேணாம்னு சொல்லிட்டாரு அதனால போடல.

நான் கொண்டு போனது எங்க தாத்தா சேத்து வச்ச கட்டு. நாங்க உசிலம்பட்டி பக்கம். தாத்தா நாப்பது வருஷமா ரோசாப்பூ துரையப் பத்தி எந்த பேப்பர்ல எது வந்தாலும் வெட்டி பழைய கணக்கு நோட்டுல ஒட்டி, ஓரத்துல பென்சில்ல தேதி எழுதி வைப்பாரு, வெட்ட முடியாததை கையாலயே எழுதி வச்சிருவாரு. எங்க பக்கத்துல ரோசாப்பூன்னு பேரு வச்ச பெரியவங்க இருந்தாங்க, எதுக்குன்னு சின்ன வயசுல எனக்கு தெரியாது. கோட்டுல எப்பவும் ரோசாப்பூ குத்தியிருப்பாராம் சுதந்திரப் போராட்டத்துல இருந்த மதுரை வக்கீல் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், அதான் ரோசாப்பூ துரை. மதுரை யானைக்கல்ல சிலை இருக்கு, தினமும் ஆயிரம் பேர் தாண்டிப் போறோம், யாருன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

கடைக்காரரு நோட்டைத் தொட்டதும் மொதல்ல கேட்டது "தம்பி, இது கையெழுத்துப் பத்திரிகையா?"ன்னு. இல்லண்ணே, ஆனா இதுக்குள்ள ஒரு கையெழுத்துப் பத்திரிகை கதை இருக்குன்னு சொன்னேன், அவரும் ஊசிய கீழ வச்சுட்டு உக்காந்துட்டாரு. மோதிலால் நேரு அலகாபாத்துல நடத்துன இண்டிபெண்டண்ட் பேப்பருக்கு நம்ம மதுரை வக்கீல் எடிட்டரா போறாரு, நல்லா ஓடிக்கிட்டிருந்த பிராக்டீஸை விட்டுட்டு. 1921 கடைசியில வெள்ளக்காரன் அவரை ஜெயில்ல போட்டுட்டான், பேப்பரையும் முடக்கப் பாத்தான், அப்ப காந்தியோட செயலாளர் மகாதேவ தேசாய் அச்சு இல்லாம கையாலயே எழுதி பத்திரிகையை வெளியில கொண்டு வந்தாரு. வெளிய வந்த பிறகு 1923-ல காந்தி எரவாடா ஜெயில்ல இருந்தப்ப காந்தியோட யங் இந்தியா பத்திரிகைக்கு எடிட்டர் இவருதான். தம்பி போத்தன் ஜோசப்பும் பெரிய எடிட்டர், அந்தக் குடும்பமே மையில ஊறுன குடும்பம்.

அடுத்த வருஷம் கேரளாவுல வைக்கம். கோயிலச் சுத்தி ரோட்டுல எல்லாச் சாதிக்காரங்களும் நடக்கணும்னு போராட்டம், இவரும் முன்னால நின்னு ஏப்ரல்ல அரெஸ்ட் ஆனாரு, இவரு கிறிஸ்தவர்ங்கறதால, இது இந்துக்கள் பாத்துக்க வேண்டிய விஷயம் நீங்க ஒதுங்கிருங்கன்னு காந்தி எழுதுறாரு. 1919-ல மதுரைக்கு வந்தப்ப இவர் வீட்டுலயே தங்குன காந்தி. அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

எங்களுக்கு அவரு யாருன்னா ரேகைச் சட்டத்துக்கு எதிரா நின்னவரு, அதாவது எங்கள மாதிரி சில சாதிகளையே பிறவிக் குற்றவாளின்னு முத்திரை குத்துன வெள்ளக்காரனோட குற்றப் பரம்பரைச் சட்டம். ஆம்பளைன்னா ரேகை குடுக்கணும், ராத்திரி போய் போலீஸ் கண்ணு முன்னால படுக்கணும், வெளியூர் போக ராதாரிச் சீட்டுங்கற அனுமதிச் சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர்ல ரேகை குடுக்க மாட்டோம்னு சொன்னவங்களை சுட்டுட்டாங்க, செத்தவங்கள்ல மாயக்காளும் ஒருத்தி. எங்க தாத்தாவோட அப்பா ரேகை வச்சவரு, அந்த மை கட்டைவிரல்ல இருந்து போனாலும் மனசுல இருந்து போகலன்னு தாத்தா எழுதி வச்சிருக்காரு. இந்தச் சட்டத்தை எதிர்த்து கோர்ட்டுலயும் வாதாடி பேப்பர்லயும் எழுதுன மனுசன் கேரளாவுல செங்கண்ணூர்ல இருந்து வந்தவரு, எங்க சாதியும் இல்ல சனமும் இல்ல. 1937-ல மத்திய சட்டசபைக்கு ஜெயிச்சுப் போனாரு, அடுத்த மார்ச்லயே மதுரையில செத்துட்டாரு, அம்பது வயசுதான். சட்டம் போனது 1947-ல, அவரு பாக்கல.

சரி வேலைக்கு வரேன். வேற ரெண்டு கடையில மேல லேமினேஷன் போட்டுடலாம்னாங்க, இவரு மட்டும்தான் போட்டா பேப்பர் உள்ளயே வெந்துரும்னு வேணாம்னுட்டாரு. பழைய செல்லோடேப்பை ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்து, பக்கத்துக்கு இடையில பட்டர் பேப்பர் வச்சு, பூச்சி வராம மயில்துத்தம் கலந்த பசை போட்டு, பின் அடிக்காம நூல் தையல் போட்டிருக்காரு. மேல செவப்பு காலிகோ துணி. நடுவுல எங்க விரிச்சாலும் படுத்து நிக்குது, அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்ல. 850 ரூபா வாங்குனாரு, சொன்ன நாளைவிட பன்னெண்டு நாள் லேட்டு, மூணு தடவை ஆரப்பாளையத்துல இறங்கி நடந்தேன்.

ஒரு பெரிய தப்பும் நடந்துச்சு. அவரு இல்லாத நேரம் பையன் கட்டிங் மெஷின்ல ஓரத்தை நறுக்கிட்டான், பதினோரு பக்கத்துல தாத்தா பென்சில்ல எழுதுன தேதி போயிருச்சு. ஓரத்துல எழுத்து இருக்கு வெட்டாதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லியிருந்தேன். எனக்கு அங்கயே கண்ணு கலங்கிருச்சு, கத்திட்டேன். அவரு பதில் பேசல, உள்ள போயி குப்பைச் சாக்கை கொட்டி ஒவ்வொரு துண்டா பொறுக்க ஆரம்பிச்சாரு, நானும் கூட உக்காந்தேன், ராத்திரி ஒம்பது மணி வரைக்கும். ஏழு துண்டு கிடைச்சுது, அதை அந்தந்த பக்கத்துல பொருத்தி டிஷ்யூ பேப்பர் வச்சு ஒட்டிக்கொடுத்தாரு, நாலு கிடைக்கல. அந்த நாலு எனக்கு இன்னமும் வலிக்குது. ஆனா அந்த மூணு மணி நேரமும் ஒரு தடவை கூட இது வெறும் பேப்பர்தானேன்னு அவரு சொல்லல.

போறவங்க ஓரத்துல எழுத்து இருந்தா ஒவ்வொரு பக்கத்தையும் முன்னாடியே போட்டோ எடுத்துக்கோங்க, வெட்டாதேன்னு மேல் அட்டையில பெருசா எழுதி அவர் கையிலயே குடுங்க, பையன்கிட்ட குடுக்காதீங்க. எனக்கு பரண்ல இன்னொரு கட்டு கிடக்கு, ஆடி முடியவும் அவர்கிட்டயேதான் கொண்டு போறேன்.